நெஞ்சுப் படம்

ஜனவரி 11

அன்புள்ள தங்கைக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். நாள் முழுக்க நின்றபடி எக்ஸ்ரே எடுக்கிறாயே, கால் வலி எப்படி இருக்கிறது? சுடுதண்ணீரில் காலை வைக்கச் சொன்னேன், வைக்கிறாயா?

டிசம்பர் கடைசியோடு ஷீட் கம்பெனிக்கும் எனக்கும் இருந்த பந்தம் முடிந்தது. இருபத்தேழு வருஷம், ஒரே பிரிவு. ஆஸ்பெஸ்டாஸ் குழாய்களை அளவு பார்த்து அறுத்துப் போடுகிற வேலை. கடைசி நாளில் ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். இனி எனக்கு மணி பார்த்துச் செய்யவேண்டிய காரியம் எதுவுமில்லை என்று தெரிந்துதான் கொடுத்திருப்பார்கள். கம்பெனி டாக்டர் கடைசியாக ஒரு நெஞ்சுப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு, "லேசா சளி இருக்கு, போங்க" என்றார். எங்கள் ஆட்கள் அவருக்கு வைத்த பெயரே சளி டாக்டர்தான். கால் முறிந்து போய் நின்றாலும் சளி என்பார்.

பகலில் வீட்டில் இருந்து பழக்கமில்லை. "பீரோ மாதிரி நடுவுல நிக்காதீங்க" என்று அண்ணி ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்கிறாள்.

ஒன்று கேட்கவேண்டும். எனக்குத் தெரிந்த ஒருவர் மாடிப்படி ஏறும்போது ஆறாவது படியில் ஒரு தடவை, பன்னிரண்டாவதில் ஒரு தடவை நின்று மூச்சு வாங்கிக்கொள்கிறார். மொத்தமே பதினாறு படி. இது வயசா, வேறு ஏதாவதா? அவசரமில்லை, நேரம் கிடைத்தால் எழுது.

போனிலேயே கேட்டிருப்பேன். லைன் கரகரவென்று இருக்கிறது.

உன் அண்ணன்

*

ஜனவரி 20

அன்புள்ள அண்ணனுக்கு,

கால் வலி இருக்கிறது. சுடுதண்ணீர் வைக்க நேரமில்லை. மற்றபடி நலம். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

பதினாறு படி உள்ள மாடி எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது. அதன் உச்சியில் நீங்கள் குடியிருக்கிறீர்கள். லைனில் கரகரப்பும் இல்லை. போன தடவை பேசியபோது நான் கேட்டது உங்கள் மூச்சு. அதை நான் கேட்கக்கூடாது என்றுதான் இப்போது காகிதமும் பேனாவும். நீங்கள் படிக்க வைத்த தங்கை அண்ணா நான், என்னிடமே இந்த வேலையா?

மூன்று கேள்வி. விரல் நுனிகள் உருண்டு தடித்துப் போயிருக்கின்றனவா? சாயங்காலம் கணுக்காலை அழுத்தினால் குழி விழுகிறதா? வறட்டு இருமலா?

கம்பெனி எடுத்த படத்தைக் கேட்டு வாங்கி எனக்கு அனுப்புங்கள். நான் படம் எடுப்பவள்தான், படித்துச் சொல்கிறவள் இல்லை. ஆனால் இங்கே நெஞ்சு டாக்டர் ஒருவர் இருக்கிறார், அவருக்குச் சளிக்கும் மற்றதுக்கும் வித்தியாசம் தெரியும். உங்கள் நெஞ்சின் படம் உங்களுடையது. "கொடுங்கள்" என்று கேட்கவேண்டும், "கிடைக்குமா" என்று கேட்கக்கூடாது.

பதிலை எதிர்பார்க்கும்,
தங்கை

*

பிப்ரவரி 6

அன்புள்ள தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விரல் எப்போதும் உள்ளதுபோலத்தான் இருக்கிறது. எப்போதிலிருந்து எப்போதும் என்று கேட்காதே.

நீ சொன்னபடி "கொடுங்கள்" என்றுதான் கேட்டேன். சளி டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"படம் கம்பெனி சொத்து."

"நெஞ்சு என்னுதுங்க."

"நெஞ்ச நீங்க எடுத்துட்டுப் போங்க, யாரு வேணாம்னா? படம் இங்கதான் இருக்கும். நீங்க பீடி குடிப்பீங்களா?"

"இல்லைங்க."

"முன்னாடி?"

"எப்பவும் இல்லைங்க."

"பக்கத்துல நிக்கறவங்க?"

கடைசியில் சீட்டில் என்ன எழுதினார் தெரியுமா? 'புகைப்பழக்கத்தை மறுக்கிறார்.' இல்லை என்று எழுதவில்லை, மறுக்கிறாராம். போலீஸ் ஸ்டேஷனில் நிற்பதுபோல் இருந்தது.

அங்கிருந்து ஆபீசுக்குப் போனேன். பாதுகாப்பு அதிகாரி கையெழுத்துப் போட்டால் தருவோம் என்றார்கள். பாதுகாப்பு அதிகாரி லீவு. மறுவாரம் போனேன், டாக்டர் எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். டாக்டரிடம் போனேன், ஆபீஸ் சொன்னால் எழுதுகிறேன் என்றார். மூன்று பேரும் ஒரே வராந்தாவில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒருவர் தும்மினால் மற்ற இருவருக்கும் கேட்கும். நான்தான் நடுவில் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன்.

உன் அண்ணி நலம். விலாப்பக்கம் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்கிறாள். வாளி தூக்கியதால் இருக்கும். தைலம் தேய்த்துக்கொள்கிறாள்.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணனுக்கு,

நான் நலம். நீங்கள் இல்லை என்பது எனக்குத் தெரிந்துவிட்டது. நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

அந்த மூன்று நாற்காலிகளை விட்டுவிடுங்கள். வெளியே எந்த எக்ஸ்ரே நிலையத்திலும் அரைமணி நேரத்தில் படம் எடுத்துக் கையில் கொடுப்பார்கள். எடுத்து அனுப்புங்கள்.

நீங்கள் அறுத்த குழாயில் சிமென்ட் மட்டும் இல்லை, கல்நாரும் இருந்தது, ஆஸ்பெஸ்டாஸ் என்பது அதுதான். அதன் இழை கண்ணுக்குத் தெரியாது. மூச்சோடு உள்ளே போனது முழுவதும் வெளியே வராது. நுரையீரலில் குத்திக்கொண்டு அங்கேயே இருக்கும். பத்து வருஷம், இருபது, முப்பது என்று சத்தமில்லாமல் இருந்துவிட்டு, பிறகு பஞ்சுபோல இருக்கவேண்டிய நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். அந்தத் தழும்புக்குள் ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயத்தின் வலப்பக்கம் வீங்கும். கணுக்கால் வீங்குவது அதனால்தான். கால் கேள்விக்கு நீங்கள் பதில் எழுதவில்லை. அதுவே பதில்தான்.

இங்கே வாரத்துக்கு ஒருவராவது வருகிறார்கள். கப்பல் உடைத்தவர், கொதிகலனுக்கு உறை சுற்றியவர், கூரை ஷீட் மாட்டியவர். எல்லோரும் கடைசியாகத்தான் வருகிறார்கள். அவர்களைப் படம் எடுக்கும்போது, "மூச்சை இழுத்துப் பிடிங்க" என்று சொல்ல எனக்கு வாய் வரமாட்டேன் என்கிறது. நீங்களும் அப்படி வரவேண்டாம்.

தங்கை

*

மார்ச் 12

அண்ணா,

பதில் இல்லை. போன் எடுப்பதில்லை. எடுத்தால் அண்ணிதான், அவரும் "கடைக்குப் போயிருக்கார்" என்று வைத்துவிடுகிறார். ஒரு மாதமாக எந்தக் கடையில் இருக்கிறீர்கள்? நலமா என்று ஒரு வரி எழுதக்கூட முடியாதா?

தங்கை

*

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கைக்கு,

கோபம் வேண்டாம். நலம்தான். நீ கேட்ட படத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். அட்டைக்கு நடுவில் வைத்திருக்கிறேன், மடங்காமல் வரும். ஓரத்தில் இருந்த பெயர்ச்சீட்டு கிழிந்துவிட்டது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே.

உன் டாக்டரிடம் காட்டி, என்ன என்று உள்ளது உள்ளபடி எழுது. ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்று எழுது. அப்படியே இருந்தால் நல்லது.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 9

அண்ணா,

படம் இன்று காலை வந்தது. வெளிச்சப் பெட்டியில் மாட்டினேன். டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னாலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. இது உங்கள் நெஞ்சு இல்லை.

பத்து வயதில் சுவரேறிக் குதித்து உங்கள் இடது காறை எலும்பு முறிந்து, கோணலாகக் கூடியது. தோள்பட்டையில் சட்டை ஒருபக்கம் தூக்கிக்கொண்டு நிற்பது அதனால்தான். இந்தப் படத்தில் இரண்டு காறை எலும்பும் நேராக இருக்கின்றன. அதோடு இது ஒரு பெண்ணின் படம். பதினெட்டு வருஷமாக எடுக்கிறேன், இதுகூடத் தெரியாதா எனக்கு?

வலப்பக்கம் பாதிக்கு மேல் வெள்ளையாக இருக்கிறது. நுரையீரலைச் சுற்றித் தண்ணீர் கோத்திருக்கிறது. டாக்டர் பார்த்துவிட்டு, "யாரு இவங்க? இன்னிக்கே ஆஸ்பத்திரியில சேக்கணுமே" என்றார்.

அண்ணிதானே?

விலாவில் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பிப்ரவரியிலேயே எழுதினீர்கள். நான் அந்த வரியைத் தாண்டிப் போய், உங்கள் கணுக்காலைப் பற்றி ஒரு பக்கம் எழுதினேன். இன்று அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

இது கையில் கிடைத்ததும் அண்ணியைப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். பிறகு என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். முழுவதும் எழுதுங்கள்.

தங்கை

*

ஏப்ரல் 17

அன்புள்ள தங்கைக்கு,

முழுவதும் எழுதச் சொன்னாய். எழுதுகிறேன். நான் சுகமில்லை, அவளும் சுகமில்லை. இந்த ஒரு கடிதத்தில் அந்தப் பொய் வேண்டாம்.

ஜனவரியில் நான் கேட்ட அந்த ஒருவர் நான்தான். ஆனால் படியில் நான் நிற்கும்போது பின்னால் அவளும் நிற்பாள். எனக்காக நிற்கிறாள் என்றே நினைத்தேன். மார்ச் முதல் வாரத்தில் ஒரு நாள் நான் நிற்காமல் ஏறிவிட்டேன், அவள் மட்டும் கீழே நின்றாள். அப்போதுதான் உறைத்தது.

நீ சொல்லும் முன்னாலேயே ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டேன். முதுகில் ஊசி போட்டு ஒன்றரை லிட்டர் தண்ணீர் எடுத்தார்கள். படம் எடுத்ததும் அங்கேதான். ஒரு துண்டு சதையும் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். முடிவு வருவதற்குள் உன் வாயால் "ஒன்றுமில்லை" என்று கேட்டுவிடலாம் என்றுதான் உனக்குப் படம் அனுப்பினேன். அவள் பெயரைச் சொன்னால் நீ ஓடி வருவாய், உன் முகத்தைப் பார்த்து அவளுக்குத் தெரிந்துவிடும். அதனால் சீட்டை நானே கிழித்தேன்.

முடிவு வந்துவிட்டது. நுரையீரலைச் சுற்றியுள்ள உறையில் புற்று. சின்ன வயதுப் பெண் டாக்டர், என்னைத் தனியே கூப்பிட்டுப் பொறுமையாகச் சொன்னார். பிறகு அவள் கட்டிலருகே வந்து, "நீங்க என்ன வேலை செய்யறீங்கம்மா?" என்று கேட்டார்.

"வேலையெல்லாம் இல்ல. வீட்டோடதான்."

என் பக்கம் திரும்பினார். "நீங்க?"

சொன்னேன். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார். "உங்க வேலைச் சட்டைய யாரு துவைச்சாங்க?"

இருபத்தேழு வருஷம் அவள்தான் துவைத்தாள். நனைப்பதற்கு முன்னால் பின்பக்கத்து வராந்தாவில் நின்று உதறுவாள். உதறாமல் நனைத்தால் அந்தத் தூசி சிமென்ட் அல்லவா, சாக்கடை ஓட்டையில் போய் இறுகிவிடும். இரண்டு தடவை கொத்தனாரைக் கூப்பிட்டு உடைத்தோம். அதனால் நானே, "நல்லா உதறிட்டு நனை" என்று சொன்னேன். நானே சொன்னேன்.

இன்னும் கேள். எட்டு வருஷத்துக்கு முன்னால் கம்பெனியில் ஒரு கூட்டம் போட்டு, வேலை உடையை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள் என்று ஆளுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். துவைக்க ஒரு மெஷினும் வைத்தார்கள். அது ஒரு மாதத்தில் நின்றுபோனது, யாரும் பழுது பார்க்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை. உடை மாற்ற வரிசையில் நின்றால் பஸ் போய்விடும் என்று பழையபடி அதே சட்டையோடு வீட்டுக்கு வந்தோம். அறிக்கையில் என்ன இருந்தது என்று அவளிடம் நான் சொல்லவில்லை.

அவளுக்குச் சளிக்கட்டு என்று சொல்லி வைத்திருக்கிறேன். ஆம், அந்தச் சளி டாக்டரின் வார்த்தையேதான். எனக்கும் அதுதான் கைக்கு வந்தது. நீ வந்தால் வா. ஆனால் அவளிடம் மூச்சு விடாதே.

உன் அண்ணன்

*

மே 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அண்ணிக்கு இரண்டாவது ஊசி மருந்து ஒத்துக்கொண்டதா? வாந்தி இருந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள், தாங்கிக்கொண்டு இருக்கவேண்டாம்.

ஆறு நாள் உங்கள் வீட்டில் இருந்தேன். ஆறு நாளில் அண்ணியோடு தனியாகப் பத்து நிமிஷம் கிடைக்கவில்லை. அடுப்படிக்குப் போனால் வாசலில் நீங்கள். வராந்தாவுக்குப் போனால் செய்தித்தாளோடு நீங்கள். நான் ஏதாவது உளறிவிடுவேன் என்று காவல் காத்தீர்கள். அண்ணி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்கள் பொய்யில் என்னையும் பங்காளி ஆக்கிவிட்டீர்கள். எனக்கு அது பிடிக்கவில்லை என்பதை எழுத்தில் வைக்கிறேன்.

அடுத்தது. உங்களை இழுத்துக்கொண்டு போய் எடுத்த படத்தை டாக்டர் பார்த்துவிட்டார். அடிப்பகுதி இரண்டு பக்கமும் தழும்பு. உறையில் சுண்ணாம்புத் திட்டுகள். இதயத்தின் வலப்பக்கம் பெரிதாகியிருக்கிறது. மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார், இத்துடன் சீட்டு இருக்கிறது. இருந்ததை இல்லாமல் ஆக்க முடியாது, வீக்கத்தையும் மூச்சிரைப்பையும் கட்டுக்குள் வைக்கலாம். இதைத்தான் உங்கள் கம்பெனி வருஷா வருஷம் சளி என்று எழுதியிருக்கிறது.

இழப்பீட்டு அலுவலகத்தில் இரண்டு மனு கொடுங்கள். உங்களுக்கு ஒன்று, அண்ணிக்கு ஒன்று. பணத்துக்காக மட்டும் சொல்லவில்லை. அரசாங்கக் காகிதம் ஒன்றிலாவது இது சளி இல்லை என்று எழுதியிருக்கவேண்டும்.

தங்கை

*

ஜூலை 8

அன்புள்ள தங்கைக்கு,

உன் கால் வலிக்கு வேறு செருப்பு வாங்கினாயா? இங்கே அவளுக்கு ஊசி போட்ட நாலு நாள் கஷ்டம், பிறகு கொஞ்சம் தேறுகிறாள். மாத்திரை சாப்பிடுகிறேன், வீக்கம் குறைந்திருக்கிறது. போதுமா?

இழப்பீட்டு அலுவலகத்துக்கு மூன்று தடவை போய்வந்தேன். என் மனுவைப் பார்த்துச் சரி என்றார்கள். அவள் மனுவைக் குமாஸ்தா திருப்பித் தள்ளினார்.

"தொழிலாளி எண் எங்க?"

"அவ தொழிலாளி இல்லைங்க. என் சம்சாரம்."

"அப்ப எங்க வேலை பாத்தாங்க?"

"எங்க வீட்டுல."

"உங்க வீடு என்ன ஃபேக்டரியா?"

பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். நானும் சிரித்துவிட்டு வந்திருக்கவேண்டும். இல்லை, "தூசி மட்டும் எண்ணு பாத்துட்டா உள்ள போகுது?" என்று கேட்டுவிட்டேன். குரல் உயர்ந்ததும் இருமல் வந்துவிட்டது. அவர் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார், கெட்டவர் இல்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: "பெரியவரே, உங்க கேஸ் சுத்தமா இருக்கு. கையெழுத்து போடுங்க, வந்துடும். அவங்கள இதுல சேத்தீங்கன்னா ரெண்டும் இழுத்துக்கிட்டே கெடக்கும்."

நான் போடவில்லை. காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அவளுக்கு இல்லாதது எனக்கு எதற்கு? நீ இதற்குத் திட்டி நாலு பக்கம் எழுதுவாய். எழுது. எனக்கு அதில் கையெழுத்துப் போடக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

உன் அண்ணன்

*

ஜூலை 21

அன்புள்ள நாத்தனாருக்கு,

அண்ணி எழுதுகிறேன். நாத்தனாருக்கு அண்ணி கடிதம் போட்டால் அது புகார்க் கடிதமாகத்தான் இருக்கும் என்பார்கள். இதுவும் அதுதான். நீ நலமா? கண்ணெல்லாம் கருவளையத்தோடு வந்து நின்றாயே, சரியாகச் சாப்பிடு.

எனக்கு என்ன நோய் என்று எனக்குத் தெரியும். மார்ச் மாதமே ஆஸ்பத்திரியில் அவர் மருந்து வாங்கக் கீழே போன பத்து நிமிஷத்தில், முடிவு வந்தால் என்னிடம் சொல்லவேண்டும் என்று அந்தப் பெண் டாக்டரிடம் கேட்டு வைத்தேன். டாக்டர் மறைக்கவில்லை. நாள் கொஞ்சம்தான் என்பதையும் சொன்னார். நீ வந்தபோது நீயும் அவரும் என்னிடம் மறைப்பதற்குப் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் சிரித்தேன். மனதில் வைத்துக்கொள்ளாதே.

அவராகச் சொல்லட்டும் என்று காத்திருக்கிறேன். மாதக்கணக்காக வாயைத் திறக்கிறார், "தண்ணி வேணுமா" என்று கேட்டுவிட்டு மூடிக்கொள்கிறார். எத்தனை தண்ணீர்தான் குடிப்பது?

இன்னொன்று யாரிடமும் சொல்லாதது. எட்டு வருஷத்துக்கு முன்னால் துவைக்க எடுத்த சட்டைப் பையில் நாலாக மடித்த ஒரு அறிக்கை இருந்தது. நனைவதற்கு முன்னால் எடுத்துப் படித்தேன். 'வேலை உடையை வீட்டுக்கு எடுத்துச் செல்லவேண்டாம். அதிலுள்ள தூசி உடல்நலத்துக்குக் கேடு.' யார் உடல்நலத்துக்கு என்று அதில் போடவில்லை. போட்டுக்கொள்கிறவருக்கு என்று நான் எடுத்துக்கொண்டேன். மறுநாள் அதே சட்டையைத்தானே மாட்டிக்கொண்டு போகவேண்டும்? அதுவரை ரெண்டு உதறு உதறிவிட்டு நனைப்பேன். அதன் பிறகு பத்து உதறு. ஒரு பொட்டுத் தூசி அவர் மேல் ஒட்டக்கூடாது என்று கை வலிக்க உதறினேன்.

இப்போது காரியத்துக்கு வருகிறேன். என் மனுவைத் திருப்பிவிட்டார்கள் என்று அவர் சட்டைப் பையில் இருந்த காகிதத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். பை பார்க்கும் பழக்கம் விடவில்லை. அந்த அலுவலகத்துக்கு நானே போகப்போகிறேன். இந்த நோய்க்கும் அந்தத் தூசிக்கும் உள்ள சம்பந்தத்தை உன் டாக்டரிடம் கையெழுத்தோடு வாங்கி எனக்கு அனுப்பு. என் பெயருக்கே அனுப்பு. உன் அண்ணன் கையெழுத்துப் போடமாட்டேன் என்று முறுக்கிக்கொண்டு நிற்பதையும் நான் பார்த்துக்கொள்கிறேன். அவர் போடாவிட்டால் அடுத்த ஊசிக்கு நான் கிளம்பமாட்டேன் என்று சொல்லப்போகிறேன். சும்மா சொல்வதுதான், பயப்படாதே.

அன்புடன்,
அண்ணி

*

ஆகஸ்ட் 19

அன்புள்ள தங்கைக்கு,

உன் டாக்டரின் கடிதம் அவள் பெயருக்கு வந்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. நாத்தனாரும் அண்ணியும் ஒன்று சேர்ந்தால் வீடு தாங்காது. டாக்டருக்கு நன்றி சொல். உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

போன செவ்வாய்க்கிழமை இருவரும் ஆட்டோவில் இழப்பீட்டு அலுவலகத்துக்குப் போனோம். என் மனுவில் கையெழுத்துப் போட்டேன். போட வைத்த விதம் உனக்குத் தெரிந்திருக்கும். இவள் குமாஸ்தாவைத் தாண்டி நேராக அதிகாரி முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். தலையில் துணி கட்டியிருந்தாள், பாதி உடம்பாக இருக்கிறாள், யாருக்கும் எழுப்பத் தைரியம் வரவில்லை.

"என்னம்மா வேலை பாத்தீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

"கம்பெனித் துணி துவைச்சேன்."

"எத்தனை வருஷம்?"

"இருபத்தேழு."

"சம்பளம்?"

"அதையும் சேத்து எழுதிக்குங்க. குடுக்கலைன்னு."

அதிகாரி எழுதுகோலை வைத்துவிட்டு டாக்டரின் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அவள் தன் நோயின் பெயரைச் சொன்னாள். அந்தத் தூசி எப்போது, எப்படி, எந்த வராந்தாவில் என்று வரிசையாகச் சொன்னாள். அறிக்கையைப் படித்ததையும் சொன்னாள். பக்கத்து நாற்காலியில் நான் இருக்கிறேன் என்பதே அவளுக்கு ஞாபகம் இல்லாததுபோல் இருந்தது.

மனுவை வாங்கி முத்திரை போட்டார். இப்படி ஒன்று இதற்கு முன்னால் இங்கே வந்ததில்லை, மேலே அனுப்பவேண்டும், மாதக்கணக்கில் ஆகும், தள்ளுபடியும் ஆகலாம் என்றார். "மாசக்கணக்குன்னா என்கிட்ட இல்லைங்க. அவரு வந்து கேப்பாரு" என்று என்னைக் காட்டினாள். என்னுடையது அடுத்த மாதமே முடிந்துவிடும் என்று குமாஸ்தா சொன்னார். நீ கேட்டபடி அவர்கள் கொடுத்த ரசீதில் கல்நார் நோய் என்று எழுதியிருக்கிறது. படித்துப் பார்த்தேன். சந்தோஷப்பட முடியவில்லை.

வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்ததும் எனக்கு வந்த கோபத்தை எப்படி எழுதுவது? கல்யாணம் ஆகி இத்தனை வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை.

"அந்தக் காகிதத்தப் படிச்சிருக்க. நோயும் தெரிஞ்சிருக்கு. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல."

"நீங்க சொன்னீங்களா?"

"நான்தானே உனக்கு இந்த நோயக் கொண்டுவந்தேன்? எப்படிச் சொல்லுவேன்?"

"உதறினது என் கை. அத எதுக்கு நீங்க எடுத்துக்கறீங்க? எல்லாத்தையும் உங்க தலைமேல போட்டுக்கிட்டு என்கிட்டயே பேசாம இருந்தீங்க. நோய் வந்ததுக்குக்கூட எனக்குக் கோவமில்ல. இருக்கற நாள்லயும் ஆளில்லாம விட்டீங்க பாருங்க, அதுக்குத்தான்..."

அதற்குமேல் அவளுக்கு மூச்சு வரவில்லை. பதில் சொல்ல நான் வாயைத் திறந்தேன், எனக்கும் வரவில்லை. நான் மேஜையைப் பிடித்துக்கொண்டேன், அவள் கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஒருவரை ஒருவர் முறைத்தபடி இருவரும் இரைத்துக்கொண்டிருந்தோம். அவள் ஒரு கையைத் தூக்கி, இன்னும் முடிக்கவில்லை, இருங்கள் என்று சைகை காட்டினாள்.

மூச்சு முதலில் அவளுக்குத்தான் வந்தது. விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.

உன் அண்ணன்